திருமலைக்குமார் இருந்த வீடு

வாசுதேவநல்லூர்
9-4-1978

மதிப்பிற்குரிய உலகம்மாள் அவர்களுக்கு,

என் பெயர் வள்ளித்தாய். தென்காசியில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். டெலிபோன் ஆபீஸ் அகிலாண்டம் உங்கள் விலாசத்தைக் கொடுத்தாள். அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மகளை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றும், மேலகரத்தில் உங்கள் வீட்டில் இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

எனக்கு மாசியில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பண்பொழி முருகனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை. திருமலைக்குமார் என்று பெயர் வைத்திருக்கிறோம். என் கணவர் முத்துராமலிங்கம் ராணுவத்தில் இருக்கிறார். மகனை அவர் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். ஆவணிக் கடைசியில்தான் லீவு கிடைக்குமாம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் வயலையும் மாடுகளையும் விட்டுவிட்டுத் தென்காசிக்கு வர மாட்டார்கள். "வேலையை எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதான? புருசன் சம்பாத்தியம் பத்தலையாக்கும்?" என்று கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் டீச்சர் டிரெயினிங் படித்த முதல் பெண் நான். இந்த வேலையை விட எனக்கு மனமில்லை.

சில விஷயங்கள் கேட்கிறேன், தவறாக நினைக்கக் கூடாது. பிள்ளைக்கு என்ன பால் கொடுப்பீர்கள்? அழுதால் யார் தூக்குவார்கள்? உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? பால்குடி மறக்காத பிள்ளையை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா?

இப்படிக்கு,
வள்ளித்தாய்


மேலகரம்
16-4-1978

வள்ளித்தாய் டீச்சருக்கு மேலகரத்திலிருந்து உலகம்மாள்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் வாசித்தார். பிறகு நானும் ஒரு தடவை வாசித்தேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள், டீச்சர்தானே.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். குற்றாலம் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பி வர வேண்டும். பஸ் சத்தம் கேட்காது. முன்னறையில்தான் பிள்ளைகள். காலையில் அங்கே நல்ல வெயில் விழும். குறை என்றால் சாரல் மாதம்தான். துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போடுவேன், கொஞ்சம் புகை வாடை அடிக்கும். "என்னக்கா, எம்மக கருவாடு மாதிரி மணக்கா" என்று அகிலாண்டம் சண்டைக்கு வருவாள். இதை மறைத்து உங்களை வரவழைக்க எனக்கு விருப்பமில்லை.

பால் எதிர்வீட்டில் கறக்கிற பசும்பால். நீங்கள் டின் பால் கொடுத்தால் அதையே கரைத்துக் கொடுப்பேன். வசம்பு, உரைமருந்து எதுவும் தாய் சொல்லாமல் என் கையால் கொடுப்பதில்லை. அழுதால் நான்தான் தூக்குவேன், வேறு ஆள் கிடையாது. வீட்டுக்காரருக்கு அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய், சீயக்காய்க் கடை. சீசன் இல்லாத மாதங்களில் அவரும் தொட்டில் ஆட்டுவார். பாட்டு மட்டும் பாட விட மாட்டேன்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் சந்து முனையில் ஆதம் பாய் குதிரை வண்டி நிற்கும். முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் உங்களுக்கு ஆள் அனுப்புவேன். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்த வீடு இப்படி ஆனது நான் நினைத்துச் செய்ததல்ல. என் ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். வீடு வெறிச்சென்று கிடந்தது. பக்கத்து வீட்டு அகிலாண்டம் ஒரு நாள் கைப்பிள்ளையோடு வந்து, "இன்னிக்கு ஒரு நா மட்டும் வச்சுக்கிடுங்கக்கா" என்றாள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். எல்லோருமே பால்குடிப் பருவத்தில் வந்த பிள்ளைகள்தான்.

என்னால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். கைக்கு அடங்குகிற அளவுக்குத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பேன். என் பிள்ளைக்குத் தனித் தம்ளர், தனிப் பாய் என்று சாதி பேசுகிறவர்களுக்கு இங்கே இடமில்லை.

உங்கள் மகனை என் கண்ணை விட்டு அகல விட மாட்டேன். ஒரு நாள் சொல்லாமல் வந்து பாருங்கள். சொல்லிவிட்டு வந்தால் வீட்டைப் பெருக்கி வைத்திருப்பேன், அப்புறம் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

உலகம்மாள்


வாசுதேவநல்லூர்
8-5-1978

உலகம்மாள் அக்காவுக்கு,

சொல்லாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை அல்லவா? நீங்கள்தான் சொன்னீர்கள்.

நான் வாசலுக்கு வந்தபோது உங்கள் இடுப்பில் அகிலாண்டம் மகள், அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பிள்ளை அழுதது. நீங்கள் சோற்றைப் பார்க்கவில்லை, பிள்ளையிடம் ஓடினீர்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். குமார் உங்கள் மடியை நனைத்தபோது, "இனிமே இவன் நம்ம வீட்டுப் பிள்ளை, பட்டா போட்டுட்டான்" என்றீர்கள். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

மாமியார் என்னோடு பேசுவதில்லை. "முன்ன பின்ன தெரியாத வீட்டுல பச்சப்பிள்ளைய விட்டுட்டுப் போற தாய எங்கயாவது கண்டிருக்கியளா?" என்று தெருவெல்லாம் கேட்கிறார்கள். அவர் மட்டும், "உனக்குச் சரின்னு பட்டா எனக்கும் சரிதான்" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் சந்திலேயே ஒரு அறை பார்த்துவிட்டேன். காலையில் பால் கொடுத்துவிட்டு விட்டுப்போவேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். ஜூன் முதல் அவன் உங்கள் பிள்ளை. சாயங்காலம் மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
வள்ளித்தாய்


மேலகரம்
27-8-1978

வள்ளித்தாய்க்கு,

நேற்று வாசுதேவநல்லூருக்கு வந்திருந்தேன். உன் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "பிள்ளையத் தின்னுட்டு இப்பத் தாயப் பாக்க வந்தியாக்கும்? இங்கன நிக்காத, போ" என்றார்கள். பேரனைப் பறிகொடுத்தவர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கதவுக்குப் பின்னால் உன் சேலை தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நீ கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.

அன்று நடந்ததை யார் யாரோ உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நான் வாயாடப் போயிருந்தேன் என்றும், பால் புரையேறிவிட்டது என்றும் உங்கள் ஊரில் பேசுகிறார்களாம். நடந்ததை என் வாயால் சொல்ல உன் வீட்டுக்குள் இடமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ காலையில் விட்டுப்போனபோது எப்படி இருந்தானோ அப்படித்தான் இருந்தான். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மத்தியானம் பால் குடித்தான். தோளில் போட்டுத் தட்டினேன், ஏப்பம் விட்டான். அதற்குப் பிறகும் வெகுநேரம் மடியில் வைத்திருந்தேன். கண் சொக்கியதும் தொட்டிலில் போட்டேன். நான் எங்கேயும் போகவில்லை, வள்ளித்தாய். அதே அறையில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் அகிலாண்டம் மகளுக்குச் சோறு ஊட்டினேன். இடது கையில் தொட்டில் கயிறு இருந்தது.

அவன் அழவில்லை, இருமவில்லை. தூங்குகிறான் என்று ஆட்டிக்கொண்டே இருந்தேன். வழக்கமாக விழிக்கிற நேரம் தாண்டியதும் சேலையை விலக்கிப் பார்த்தேன். உதடு வெளிறியிருந்தது. தூக்கினேன், தலை நிற்கவில்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். ஆதம் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குதிரையைத் தட்டிவிட்டார். வழி முழுக்க அவன் காலைத் தேய்த்துக்கொண்டே, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டையைக் கழற்றிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். பால் அடைக்கவில்லை, காய்ச்சல் இல்லை, உடம்பில் ஒரு தடமும் இல்லை என்றார். "சில பச்சப்பிள்ளைங்க தூக்கத்துலயே போயிரும்மா. ஏன்னு எங்களுக்கே தெரியல" என்றார்.

பிறகு நீ வந்தாய். அவனை வாங்கி மாரோடு அணைத்துப் பால் கொடுக்கப் பார்த்தாய். அங்கே இருந்த ஒருவருக்கும் உன்னைத் தடுக்க மனம் வரவில்லை. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

எங்கே பிசகினேன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கிடைத்தால் உன் காலில் விழுந்து சொல்லிவிடுவேன். கிடைக்கவில்லை. கிடைக்காதது அதைவிடப் பெரிய தண்டனையாக இருக்கிறது.

உலகம்மாள்


வாசுதேவநல்லூர்
12-9-1978

திருமதி உலகம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

என் கணவர் லீவில் வந்திருக்கிறார். மகனைக் கையில் வாங்க வேண்டும் என்று வாங்கிய லீவு. பிள்ளைக்கென்று வாங்கி வந்த பெட்டியை அவர் இன்னும் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. காட்டில் புதைத்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார், பசித்தால் வருகிறார்.

எனக்குப் பால் இன்னும் நிற்கவில்லை. பால் வற்றட்டும் என்று மாரில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் சேலை நனைந்துவிடுகிறது. நீங்களும் ஒரு பிள்ளை பெற்றவர். இது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேனா, இல்லையா? காலையில் நம்புகிறேன். மத்தியானம் அந்த நேரம் வந்ததும் நம்பிக்கை போய்விடுகிறது. கண்ணை விட்டு அகல விட மாட்டேன் என்று எழுதினீர்கள். பக்கத்திலேயே இருந்தீர்கள், கயிற்றைக் கையில் பிடித்திருந்தீர்கள். அப்படியும் அவன் போயிருக்கிறான். போகும்போது உங்களுக்குக்கூடத் தெரியவில்லை. நான் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது. அது பொய்யாக இருக்கலாம். ஆனால் அதை விட்டுவிட என்னால் முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். தூங்குவதற்கு முன் அவன் கடைசியாக எதைப் பார்த்தான்?

வேண்டாம், பதில் எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு அந்த அறை ஞாபகம் வருகிறது. இனி எதுவும் எழுத வேண்டாம்.

வள்ளித்தாய்


மேலகரம்
4-10-1981

வள்ளித்தாய்க்கு,

எழுதாதே என்றாய். இத்தனை வருஷம் எழுதவில்லை. நீ ஜபல்பூரில் உன் வீட்டுக்காரரோடு ராணுவக் குடியிருப்பில் இருக்கிறாய் என்று அகிலாண்டம் சொன்னாள். விலாசமும் அவள் கொடுத்ததுதான், அவளைக் கோபிக்காதே. உன்னிடம் ஒன்று கேட்காமல் எனக்கு வழியில்லை.

அன்றைக்குப் பிறகு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டேன். தொட்டில் கம்பியை வீட்டுக்காரர் பிடுங்கிவிட்டார். எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். அகிலாண்டம் தன் மகளை டெலிபோன் ஆபீஸுக்கே கொண்டுபோய் நாற்காலிக்குக் கீழே படுக்க வைத்தாள். அது தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்டேன். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

போன வருஷம் அவளுக்கு இரண்டாவது பிறந்தது. லீவு முடிந்த அன்று வந்து, என்னைக் கேட்காமலே பிள்ளையை என் மடியில் வைத்தாள். "எனக்குப் பயமா இருக்குட்டீ, எடுத்துட்டுப் போயிரு" என்று அழுதேன். "எனக்குந்தான் பயமா இருக்கு. நான் வேற எங்கன போவேன் சொல்லுங்க" என்றாள். வீட்டுக்காரர், "ஏட்டி, நீ இப்படியே சொவரப் பாத்து உக்காந்திருந்தா செத்துப் போவே. வாங்கிக்கோ" என்றார். வாங்கிக்கொண்டேன். தூங்குகிற பிள்ளையை இப்போது சும்மா விட முடிவதில்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சில நேரம் எழுப்பிவிட்டுவிடுகிறேன், அவன் கத்துவான். அவன் கத்தினால் எனக்கு மூச்சு வரும்.

போன வாரம் பேங்கில் வேலை பார்க்கிற பிருஹதாம்பாள் என்கிற பெண் வந்தாள். வயிற்றில் பிள்ளை. வீட்டைச் சுற்றிக் காட்டினேன். பால், துணி, ஆஸ்பத்திரி என்று உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இதைச் சொல்லாமல் அவள் பிள்ளையை வாங்கக் கூடாது என்று தோன்றியது. "இந்த வீட்டில் ஒரு பிள்ளை தூக்கத்திலேயே இறந்துபோனது அம்மா. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை" என்றேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பிள்ளை பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

என்னால் சொல்ல முடியவில்லை. அது உன் பிள்ளையின் பேர். என் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது அதை நான் எடுத்துச் சொல்லலாமா, கூடாதா? நீதான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் இனி ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளையும் வாங்க மாட்டேன்.

அன்றைக்கு நீ ஒன்று கேட்டுவிட்டு, பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இப்போது சொல்லிவிடுகிறேன். அவன் என்னைத்தான் பார்த்தான். தொட்டிலுக்குள் குனிந்தேன், சிரித்தான், கொட்டாவி விட்டான். உன்னைப் பார்க்க வேண்டிய நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

உலகம்மாள்


ஜபல்பூர்
2-11-1981

உலகம்மாள் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்க மாட்டேன் என்று சொன்னேன். "நான் வாசிக்கவா?" என்றார். வாசித்தார். சிரித்தான் என்ற இடத்தில் அவரால் மேலே வாசிக்க முடியவில்லை. மகன் சிரித்ததைப் பற்றி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் இதுவரை அவரிடம் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசினோம். குளிப்பாட்டினால் எப்படிக் காலை உதைப்பான், என் தாலிக்கொடியை எப்படிப் பிடித்து இழுப்பான் என்று சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு இப்போது ஏழாம் மாதம். இங்கே ராணுவ ஆஸ்பத்திரி டாக்டரிடம் குமாரைப் பற்றிக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு பெயரும் சொன்னார். நோய்க்குப் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. தாய் மடியில் தூங்கும்போதும் இப்படிப் போவதுண்டாம். அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. யாராலும் தடுக்க முடியாது என்றால் இந்தப் பிள்ளையை எதை நம்பிப் பெறுவது?

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. மன்னிக்க எதுவும் இல்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. மனது அந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைச் சொல்லுங்கள். முழுப் பெயரையும் சொல்லுங்கள். ஒரு பிள்ளை இறந்தது என்று மட்டும் சொன்னால் அது யாரோ ஒரு பிள்ளை ஆகிவிடும். திருமலைக்குமார் என்று ஒருவன் இந்த வீட்டில் இருந்தான், சிரித்தான், எல்லோர் மடியையும் நனைத்தான் என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் இப்போது யாரும் அவன் பேரை எடுப்பதில்லை. நான் வருத்தப்படுவேனாம். உங்கள் வீட்டிலாவது ஒருவர் சொல்லட்டும்.

கேட்கிற தாய் நம்பாவிட்டால் என் விலாசத்தைக் கொடுங்கள். எனக்கு எழுதிக் கேட்கட்டும்.

உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான் என்று குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். பழகிய முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே தூங்கினான்? அதுவும் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

வள்ளித்தாய்


ஜபல்பூர்
3-5-1982

அன்புள்ள அக்காவுக்கு,

தை மாதம் பெண் குழந்தை பிறந்த செய்தியை அகிலாண்டம் சொல்லியிருப்பாள். நானே எழுத வேண்டியது. தை, மாசி, பங்குனி எல்லாம் எப்படிப் போயின என்று தெரியவில்லை. நானும் அவரும் முறை வைத்து விழித்திருந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்தோம். அண்ணன் போன வயது இன்னும் சில வாரத்தில் வருகிறது. அதைத் தாண்டினால் பயம் தீரும் என்று அவர் சொல்கிறார். தீராது என்று எனக்குத் தெரியும்.

பிருஹதாம்பாள் எனக்கு எழுதியிருந்தாள். நீங்கள் குமாரின் பெயரைச் சொன்னீர்களாம், விலாசத்தையும் கொடுத்தீர்களாம். நீளமாக ஒன்றும் எழுதவில்லை. "நீங்கள் இன்னொரு பிள்ளையை அந்த வீட்டில் விடுவீர்களா?" என்று ஒரே கேள்விதான். பல நாள் பதில் எழுதாமல் இருந்தேன். ஜபல்பூரில் உட்கார்ந்துகொண்டு விடுவேன் என்று எழுதுவது லேசு. என் பிள்ளை என் மடியில் இருக்கிறது. விடுவேன் என்று எழுதிவிட்டு இங்கேயே இருந்தால் அது ஏமாற்று.

அதற்குள் அவருக்கு எல்லைப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. இங்கே வருவதற்காகப் பள்ளிக்கூடத்தில் எடுத்த சம்பளமில்லா விடுப்பும் இந்த மாதத்தோடு முடிகிறது. ஊருக்குப் போய் மாமியாரோடு இருக்கலாம். குழந்தை பிறந்ததிலிருந்து அவர்கள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "வேலையெல்லாம் வேண்டாம் தாயி, பிள்ளையப் பாத்துக்கிட்டு இங்கனயே இரு" என்று எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் சுலபம். இரண்டு நாள் அழுதேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கு, வேலையில் சேருகிறேன் என்று எழுதிப்போட்டேன். அந்தத் தபாலைச் சேர்த்த கையோடு பிருஹதாம்பாளுக்கும் எழுதினேன்.

"விடுவேன். ஜூனில் நானே கொண்டுவந்து விடுகிறேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கும் பயமாகத்தான் இருக்கும். நாம் இரண்டு பேரும் ஒன்றாகவே வாசல்வரை போவோம்" என்று எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஒரு வேண்டுகோள். நான் வரும் அன்று வாசலில் என்னிடம் ஒன்றும் பேசாதீர்கள். என்னைத் தேற்றாதீர்கள், நீங்களும் அழாதீர்கள். நீங்கள் அழுதால் நான் பிள்ளையோடு அப்படியே திரும்பிவிடுவேன், அப்புறம் எப்போதும் வர மாட்டேன். கையை மட்டும் நீட்டுங்கள். நான் உடனே கொடுக்காவிட்டாலும், நான் கொடுக்கும்வரை நீட்டியபடியே இருங்கள்.

வள்ளித்தாய்